முதல் வத்தலுக்கு ஒரு வக்காலத்து

வீட்டிலேயே காய்கனிகளைப் புட்டியில் அடைத்துப் பாதுகாக்கக் கற்றுத்தரும் மேலைநாட்டுக் கையேடுகளுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. அட்டையில் சிவந்த தக்காளியும் பொன்னிறப் பழத்துண்டுகளும் கண்ணாடிக்குள் வரிசைகட்டி நிற்கும். உள்ளே புரட்டினால் முதல் அத்தியாயமே நஞ்சைப் பற்றியதாக இருக்கும். போட்டுலினம் என்கிற நுண்ணுயிர் எப்படிப் புட்டிக்குள் பதுங்கியிருக்கும், அதன் நஞ்சு எப்படி நரம்புகளை முடக்கும், ஏன் முகர்ந்து பார்த்தோ நக்கிப் பார்த்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது என்றெல்லாம் விவரித்துவிட்டு, இனி பயமில்லாமல் மகிழ்ச்சியாகத் தொடங்குங்கள் என்று அடுத்த அத்தியாயம் தேற்றும். புதிதாக ஒரு வேலையில் இறங்குகிறவர் இரண்டில் எதை நம்புவார்? தான் அடைத்த புட்டியைத் தானே திறக்கும்போது கை தயங்கினால் அது கோழைத்தனமாகாது. கற்றுக்குட்டிக்கு ஒரு வேலை இன்பமாக அமைவது, அவருடைய மனதைத் தட்டிக்கொடுப்பதைக் காட்டிலும், அந்த வேலையின் அமைப்பைத்தான் சார்ந்திருக்கிறது. எந்த முறையில் செய்த பிழை சீக்கிரமாக, குறைந்த செலவில், கண்ணுக்குத் தெரியும்படி வெளிப்படுகிறதோ அதில்தான் அவர் விளையாட்டாகக் கற்றுக்கொள்ள முடியும். மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளியிலும் அப்படியொரு முறை மொட்டைமாடியிலேயே கிடக்கிறது. வத்தல் போடுவதுதான் அது.

புட்டிமுறையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதன் வரலாறே ஒரு சாகசம். பிரெஞ்சு மிட்டாய்க்காரரான நிக்கோலா அப்பேர், தடித்த கண்ணாடிப் புட்டிகளில் உணவை இட்டுத் தக்கை அடைத்துக் கொதிநீரில் வைத்து, ஆண்டுக்கணக்காகச் சோதனை செய்தார். 1810இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசளித்து, முறையைப் புத்தகமாக வெளியிடச் சொன்னது. உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அப்போது அவருக்கும் தெரியாது, பரிசு கொடுத்தவர்களுக்கும் தெரியாது. நுண்ணுயிர்தான் காரணம் என்று பாஸ்டர் விளக்குவதற்கு அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு ஆயிற்று. 1858இல் ஜான் மேசன் திருகுமூடிக் கண்ணாடிப் புட்டிக்குக் காப்புரிமை பெற்ற பிறகு அமெரிக்க வீட்டுச் சமையலறைகளுக்குள் இந்த வேலை நுழைந்தது. அந்தப் புட்டிக்குள் நடப்பது எதுவும் வெளியே தெரியாது என்பதுதான் இதில் சிக்கல். போட்டுலினத்தின் வித்துகள் 100 டிகிரி கொதிநீரில் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அவற்றை ஒழிக்க அழுத்தத்தின்கீழ் 121 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். புளிப்பு அதிகமுள்ள பண்டத்தில், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.6க்குக் கீழே இருந்தால், அவை முளைப்பதில்லை என்பதால் எலுமிச்சை, மாங்காய் போன்றவற்றுக்குக் கொதிநீரே போதும். பீன்ஸ், சோளம், இறைச்சி எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். தக்காளி அந்தக் கோட்டின் மேலேயே நிற்பதால் அதில் எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்கிறார்கள். நம் வீட்டுக் குக்கரும் ஏறக்குறைய அதே சூட்டைத் தொடும்தானே என்று கேட்கலாம். தொடும். ஆனால் அது சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடுகிறது; புட்டிக்கென்று வகுத்த கால அளவுகளோ பெரிய பாத்திரம் மெல்லச் சூடேறி மெல்ல ஆறும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டவை. தவிர, மூடியின் நடு உள்ளே குழிவதை வைத்துக் காற்று புகவில்லை என்று உறுதிசெய்யும் இரட்டை மூடிப் புட்டி நம்மூர்ப் பாத்திரக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற சரக்கு அல்ல. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் அந்த வேலையைச் செய்யாது.

மதுரை வெயிலை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாசிப் பனி விலகியதும் பங்குனியில் தொடங்கி அக்கினி நட்சத்திரம் முடியும்வரை இந்தச் சமவெளியில் காயும் வெயில் ஊராரின் நிரந்தரப் புலம்பல். 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. சென்னையைப் போலக் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து கழுத்தைப் பிசுபிசுக்க வைப்பதில்லை, உலர்ந்த சூடு. மனிதனுக்கு வாதையாக இருக்கும் இதே வெயில் சுண்டைக்காய்க்கு வரம். மாட்டுத்தாவணிச் சந்தையிலோ உழவர் சந்தையிலோ கால் கிலோ சுண்டைக்காய் வாங்கிக் காம்பு நீக்கி, ஒவ்வொன்றையும் குழவியின் அடியாலோ தட்டையான கரண்டியாலோ ஒரு தட்டுத் தட்ட வேண்டும். விதை சிதறக் கூடாது, தோல் மட்டும் வாய் திறக்க வேண்டும். தண்ணீரில் அலசி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் மோரை வடித்துத் தனியே எடுத்து வைத்துவிட்டுக் காயைச் சுளகில் பரப்பி வெயிலில் வைப்பார்கள். சாயங்காலம் அரைகுறையாகச் சுருங்கிய காய் மறுபடி அதே மோருக்குள் போகும். மோர் முழுவதையும் காய் குடித்துத் தீர்க்கும்வரை இந்தப் போக்குவரத்து நடக்கும். பிறகு இரண்டு மூன்று நாள் வெறும் வெயில். முதல் நாள் பச்சை, அடுத்த நாள் பழுப்பு, அதற்குமேல் ஓரம் வெளுத்த சாம்பல் நிறம். உப்பு பூத்து மேலே படியும். ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கினால் விதை கலகலக்கும், விரலில் அழுத்தினால் நொறுங்கும். கடிகாரமும் வெப்பமானியும் செய்ய வேண்டிய வேலையைக் காதும் விரலும் செய்துவிடுகின்றன. கலகலக்காமல் தொய்வாக இருந்தால் இன்னொரு வெயில் காட்ட வேண்டியதுதான். பிழை அங்கேயே அப்போதே தெரிந்து அங்கேயே திருத்தப்படுகிறது.

அதிலும் தொடக்கக்காரருக்கு உகந்த ஆசான் கூழ் வத்தல். பச்சரிசி மாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, அரைத்த பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம், உப்புச் சேர்த்துக் கைவிடாமல் கிண்டி, ஈரமான பழைய வேட்டியை மொட்டைமாடியில் விரித்துக் கரண்டியால் ஊற்றுவது. வெயில் ஏறுவதற்குமுன் ஊற்றி முடிக்க வேண்டும். அன்று மாலையோ மறுநாளோ வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால், துணியைப் பிடித்துக்கொண்டிருந்த வத்தல் சொன்னபடி கேட்டு உரிந்து வரும். தண்ணீரைக் கஞ்சத்தனமாகத் தெளித்தால் பாதி துணியோடு நின்றுவிடும். இதில் செய்யக்கூடிய பிழைகள் எல்லாமே வாய் திறந்து பேசுகிறவை. மாவு சரியாக வேகாவிட்டால் காயும்போதே வெடித்துத் தூளாகும். காய்ச்சல் போதாவிட்டால் எண்ணெயில் ஓரம் பொரிந்து நடுவில் கல்லாக நிற்கும். கூழை ருசி பார்த்து உப்புச் சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டவர் பொரித்துத் தின்னும்போது முகம் சுளிப்பார். தண்ணீர் போய்விட, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. வாயில் உப்புக் குறைவாகத் தெரிகிற கூழே வத்தலுக்குச் சரியான கூழ் என்பதை இப்படி ஒருமுறை பொரித்துத் தின்றவர் மறப்பதில்லை. செய்ததற்கும் விளைவு தெரிவதற்கும் நடுவே இரண்டே நாள். நட்டம் ஒரு படி அரிசிக்குள் அடங்கும். வத்தலாகத் தேறாததைச் சாயங்காலம் கூழாகவே வழித்துத் தின்றுவிடலாம். பாதி காய்ந்த கூழ் வத்தலுக்கென்று வீட்டுப் பிள்ளைகள் காத்திருப்பது ஊரறிந்தது. தோல்வியும் தின்னத் தகுந்ததாக இருக்கும் பள்ளிக்கூடம் வேறெங்கே உண்டு?

இந்த அனுபவத்தின் அடியில் இருப்பது ஒரே ஒரு விதி. நுண்ணுயிருக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். பண்டத்தில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, உப்போ சர்க்கரையோ பிடித்து வைத்துக்கொள்ளாத தண்ணீராக அது இருக்க வேண்டும். உணவியலார் இதை 0 முதல் 1 வரையான அளவுகோலில் குறிப்பார்கள். சுத்தத் தண்ணீர் 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.9க்குக் கீழே தளர்ந்துவிடும், பூஞ்சணம் இன்னும் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கும், 0.6க்குக் கீழே எதுவும் வளராது. வத்தல் தண்ணீரை வெளியேற்றுகிறது, ஊறுகாய் தண்ணீரைப் பூட்டி வைக்கிறது. கிலோ எலுமிச்சைக்கு 150 முதல் 200 கிராம் கல்லுப்பு என்று வீடுகளில் போடும் கணக்கு ருசிக்காக மட்டும் வந்ததில்லை. சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படை மாவடு ஊறிய காடியைப் பேசுகிறது என்றால், இந்தக் கணக்கின் ஏதோவொரு வடிவம் அப்போதே கைக்குப் பழகியிருந்தது என்றுதான் கொள்ள வேண்டும். அழகர்மலை, நத்தம் பக்கத்து மாந்தோப்புகளிலிருந்து மாவடு வரும் பருவத்தில், வத்தலில் கை தேறியவர் அடுத்த அடியாக இதற்கு வரலாம். இங்கே விளைவு தெரியக் கூடுதல் நாள் ஆகும், ஆனாலும் ஜாடியைத் திறந்தால் தெரியும். காம்பு ஓரத்தில் வெள்ளை படர்கிறதா, வடு சுருங்கி உப்புநீர் மேலேறி நிற்கிறதா, அழுத்தினால் கொழகொழக்கிறதா என்பதையெல்லாம் பார்த்தும் தொட்டும் சொல்லிவிடலாம். எண்ணெயைப் பற்றி மட்டும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. நல்லெண்ணெய் ஊறுகாயைக் காக்கிறது என்பது பாதி உண்மை. அது காற்றை மறைக்கிறது. காற்றில்லாத இடம்தான் போட்டுலினத்துக்குப் பிடித்த இடம். உப்பும் புளிப்பும் தங்கள் வேலையைச் செய்திருந்தால் மட்டுமே எண்ணெய் காவலாளி. வெறும் பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு அலமாரியில் வைப்பது, புட்டிமுறையின் ஆபத்தை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வீட்டுக்குள் கொண்டுவருவதாகும். நம் பூண்டு ஊறுகாயில் புளியோ எலுமிச்சையோ ஏராளமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது; நாக்குக்குப் புளிப்பாக இருக்கிறதே என்று அதைக் குறைக்கக் கூடாது.

இங்கே விவரமறிந்தவர் ஒருவர் குறுக்கிடலாம். வத்தலின் பிழைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்பது மிகை. மிளகாய், நிலக்கடலை போன்றவற்றில் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சினுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது என்பார். நியாயமான எதிர்வாதம், இதை மழுப்பக் கூடாது. நஞ்சு தெரிவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நஞ்சு பிறப்பதற்கான சூழ்நிலை தெரியும். பூஞ்சணம் வளர்வதற்குப் பண்டம் நாள்கணக்கில் அரை ஈரத்தோடு கிடக்க வேண்டும். களத்தில் மலையாகக் குவித்த மிளகாய் மேகமூட்டத்தில் மெல்லக் காய்வதற்கும், சுளகில் ஒற்றை வரிசையாகப் பரப்பிய கால் கிலோ மோர்மிளகாய் பங்குனி வெயிலில் காய்வதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அளவைச் சிறிதாக வைத்துக்கொள், பருவத்தை மீறாதே என்று மூத்தவர்கள் காரணம் சொல்லாமல் சொன்னதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. சித்திரையில் மாலை நேரத்துக் கோடை மழை திடீரென்று இறங்குவதால், பங்குனியே புதியவருக்கு ஏற்ற மாதம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்த பிறகு வத்தல் போட உட்காருகிறவர் வானத்தோடு சூதாடுகிறார். ஒருமுறை பூஞ்சணம் பூத்துவிட்டால், பூத்த இடத்தைத் துடைத்துவிட்டு மற்றதை மறுபடி காயவைக்கிற சிக்கனம் வேண்டாம். மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். கால் கிலோவோடு தொடங்கச் சொல்வதன் பொருளாதாரம் இதில்தான் இருக்கிறது. ஐந்து கிலோ போட்டவருக்குக் கொட்ட மனசு வராது.

பிழைக்கான காரணம் தெரியாத இடத்தில் பழி ஆளைத் தேடிப் போகும். நம் ஊறுகாய் ஜாடியின் சமூக வரலாறு இதற்குச் சரியான சாட்சி. மாதவிலக்கு நாளில் பெண் தொட்டால் ஊறுகாய் கெட்டுவிடும் என்ற விலக்கு தமிழகத்தில் மட்டுமில்லை, இந்தியா முழுக்கப் பரவியிருந்தது. இன்றும் பல வீடுகளில் சாகவில்லை. 2014இல் ஒரு சானிட்டரி நாப்கின் நிறுவனம் ஊறுகாயைத் தொடுங்கள் என்றே விளம்பர இயக்கம் நடத்த வேண்டியிருந்ததும், அடுத்த ஆண்டு கான் விளம்பர விழாவில் அதற்குப் பெரிய பரிசு கிடைத்ததும் அந்த நம்பிக்கையின் ஆயுளைக் காட்டுகின்றன. நாப்கின் விற்கிறவருக்கு இதில் என்ன அக்கறை என்று கேலி செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் அவர்கள் தொட்ட இடம் சரியான இடம். ஜாடி கெட்டதற்குக் காரணம் ஈரக் கரண்டியாக இருக்கலாம், உப்புக் குறைவாக இருக்கலாம், சரியாக உலராத ஜாடியாக இருக்கலாம். இவற்றில் எதையும் தேடாமல், வீட்டில் குரல் குறைந்த பெண்ணின் மேல் குற்றம் சுமத்தப்பட்டது. கண் திருஷ்டி, கை ராசி இல்லாத மருமகள் என்பவையும் இதே தீர்ப்பின் வேறு வாசகங்கள்தான். ஆகவே கற்றுக்குட்டியின் இன்பத்தைப் பற்றிப் பேசுவது இலேசான விஷயம் என்று தோன்றினாலும், காரணத்தைக் கண்ணுக்குத் தெரியவைப்பது ஒரு விடுதலையும்கூட. கைப்பக்குவம் என்று புகையாகச் சொல்லப்பட்டதற்கு அளவு எழுதி வைத்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்து, தாய்வீட்டிலிருந்து தொலைவில் குடித்தனம் தொடங்கிய எத்தனையோ பெண்களுக்குத் துணையானதன் பொருள் இதுதான். கிராம், படி, நாள் என்று எழுதப்பட்டுவிட்டால் தோற்றவர் தாளைத் திருப்பிப் பார்ப்பார். யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் உழைப்பைப் பற்றியது. வத்தல் போடுவதில் என்ன இன்பம் வாழ்கிறது, நூறாண்டுக் காலமாகப் பெண்கள் உச்சிவெயிலில் காக்கை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, அவர்களைக் கேளுங்கள் என்பது. கூட்டுக்குடும்பத்தில் வருஷத்துக்கான ஊறுகாயும் வத்தலும் மருமகள்களின் முதுகெலும்பில்தான் காய்ந்தன என்பதை மறுக்கவே முடியாது. இன்று ஓய்வுநேரப் பொழுதாக இதைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டாயத்திலிருந்து தப்பித்த தலைமுறையினர். ஆனால் கட்டாயத்தின் கசப்பை வேலையின் இயல்பு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. 1959இல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் அப்பளம் உருட்டத் தொடங்கியது லிஜ்ஜத் அப்பள நிறுவனம் ஆயிற்று. அதே மாடி, அதே வெயில், அதே கை; கூலியும் பங்கும் தங்களுக்கே என்றானபோது வேலையின் தன்மையே மாறியது. வீட்டளவிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. வருஷத்துக்கு வேண்டியதைச் செய்தே தீர வேண்டும் என்ற இலக்கைக் கைவிட்டால் பாதிக் கசப்பு போய்விடும். மிச்சப் பாதி, ஆண்களும் சுண்டைக்காய் தட்ட உட்கார்ந்தால் போகும். இதை யாரும் சீர்திருத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் கரண்டி பிடிக்க ஒருவர் வேட்டியை இழுத்துப் பிடித்தால்தான் கூழ் வத்தல் வட்டமாக வரும் என்பது வெறும் நடைமுறை.

கடையில் கிடைப்பதை ஏன் வீட்டில் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு நேர்மையான பதில், பணம் மிச்சமாகாது என்பதுதான். கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளில் சுண்டை வத்தல், மணத்தக்காளி வத்தல், மிதுக்க வத்தல், மோர்மிளகாய் என்று சாக்கு சாக்காக வாய் திறந்து நிற்கின்றன. கொத்தவரங்காய் என்று பிற ஊரார் சொல்லும் சீனியவரைக்காயை ஒரு கிலோ வாங்கி உப்புநீரில் அரைவேக்காடாக்கிக் காயவைத்தால் கால் கிலோகூடத் தேறாது. நேரத்தைக் காசாகப் பெருக்கிப் பார்க்கிறவர் கடைக்குப் போவதே புத்திசாலித்தனம். வீட்டு வத்தலின் லாபம் வேறு இடத்தில் விழுகிறது. ஒருமுறை தானே காயவைத்தவருக்குக் கடைச் சரக்கை வாங்கத் தெரியும். ஒரு வத்தலை எடுத்து ஒடித்துப் பார்ப்பார். எடை ஏற்றுவதற்காக அரைகுறையாகக் காயவைத்ததா என்று ஒடியும் ஓசையில் சொல்லிவிடுவார். உப்பைப் பற்றிய மருத்துவர்களின் கவலையும் இங்கேதான் வருகிறது. நாளுக்கு 5 கிராமுக்கு உட்பட்டு உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறில் ஒரு பங்கு உப்புள்ள ஊறுகாயை ஒரு வேளைக்கு 15 கிராம் தொட்டுக்கொண்டால் இரண்டரை கிராம் அதிலேயே போய்விடும். இரத்தக் கொதிப்புள்ளவர் இதைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். உப்பில்லாத ஊறுகாய் சாத்தியமில்லை. வத்தலில் அந்த நெருக்கடி இல்லை. அங்கே காவல் காப்பது வெயில், உப்பு அதற்கு உதவியாள். வீட்டுக்காரர் உப்பைப் பாதியாக்கிக்கொள்ளலாம், ஒரு நாள் கூடுதலாகக் காயவைத்தால் போதும். கடைக்காரரிடம் இப்படிக் கேட்டு வாங்க முடியாது.

மொட்டைமாடி இல்லாத அடுக்குமாடிக் குடித்தனக்காரர்களுக்கு இதெல்லாம் எட்டாது என்பது பாதிதான் சரி. ஐந்து மணி நேரம் நேர்வெயில் விழும் பால்கனியும், ஒரு சுளகும், தூசிக்கும் ஈக்கும் மேலே கட்டக் கொசுவலைத் துண்டும் இருந்தால் மோர்மிளகாய்க்குப் போதும். கூழ் வத்தலுக்குப் போதாது. பைபாஸ் சாலையை ஒட்டிய வீட்டில், வலை கட்டினாலும் புகை படியத்தான் செய்யும். அங்கே ஊறுகாயோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெயிலிலும் உப்பிலும் கை தேறியவரிடம் புட்டியைக் கொடுக்கலாம். அப்போது அவர் வெறும் கையோடு வரமாட்டார். நத்தம் மாம்பழம் குவிகிற பருவத்திலும், ஒட்டன்சத்திரத்தில் விலை விழுந்து தக்காளியைச் சாலையோரம் கொட்டுகிறார்கள் என்று செய்தி வருகிற நாட்களிலும், காயவைத்து மாளாத சரக்கு வீட்டுக்கு வந்துவிடும். மாம்பழ ஜாம், எலுமிச்சை ஸ்குவாஷ், தக்காளித் தொக்கு மூன்றும் புளிப்பின் பக்கம் சாய்ந்தவை. சாய்வு போதாத இடத்தில் எலுமிச்சைச் சாறு தள்ளிக் கொடுக்கும். ஜாமில் சர்க்கரை 65 விழுக்காட்டைத் தாண்டும்போது, உப்பு செய்கிற அதே வேலையை, தண்ணீரைப் பூட்டுகிற வேலையை, அது செய்கிறது. எலுமிச்சை ஸ்குவாஷில் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் ஒரு சிட்டிகை போடுவது ஏன், நாவல்பழம் போல நிறமுள்ள சாறுக்கு அதை விட்டுவிட்டு சோடியம் பென்சோயேட்டை எடுப்பது ஏன் என்பதெல்லாம் ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் உள்ள சமுதாய அறிவியல் கல்லூரி போன்ற இடங்களில் சொல்லித்தருகிற பாடம். மனையியல் கல்லூரி என்ற பழைய பெயரில்தான் ஊரில் பலருக்கு அது இன்னும் தெரியும். நேராக இந்த வகுப்புக்குப் போகிறவர் செய்முறையை எழுதிக்கொண்டு வருவார். இரண்டு பங்குனி வத்தல் போட்டுவிட்டுப் போகிறவர் கேள்விகளோடு போவார். மெட்டாபைசல்பைட்டை அவர் மந்திரப்பொடியாக எண்ண மாட்டார். தண்ணீர் அதிகமாக இருக்கிறது, ஆகவே காவலுக்கு ஓர் ஆள் கூடுதலாக வேண்டியிருக்கிறது என்று புரிந்துகொள்வார். பீன்ஸையும் கறிக்குழம்பையும் புட்டியிலடைத்து மாதக்கணக்கில் வெளியே வைக்கும் ஆசை வந்தால் மட்டும், அதற்கென்ற பாத்திரமும் புட்டியும் சோதித்த கால அட்டவணையும் இல்லாமல் அவர் இறங்கக் கூடாது. அங்கே கண்ணும் மூக்கும் நாக்கும் சாட்சி சொல்லாது.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க மதுரைப் பக்கத்திலேயே ஓர் எல்லைப் பண்டம் இருக்கிறது. உப்புக்கண்டம். ஆட்டுக்கறியைக் கொழுப்பு நீக்கிச் சிறு துண்டுகளாக நறுக்கி, உப்பும் மஞ்சளும், சில வீடுகளில் மிளகாயும் பூண்டும் அரைத்துப் பிசிறி, ஊசியில் நூல் கோத்து மாலையாகக் கட்டி வெயிலில் தொங்கவிடுவது. வெயில், உப்பு என்று வத்தலின் கூட்டாளிகள்தான் இங்கும். அப்படியானால் புதியவர் இதிலிருந்தே தொடங்கலாமா? கூடாது. காயில் மேற்புறம் எப்படியோ உள்ளும் அப்படித்தான்; கறியில் வெளித்தோல் இறுகிக் காய்ந்துவிட்டு நடுவே ஈரம் ஒளிந்துகொள்ளும். துண்டு விரல்கனம் தாண்டினால், மேலே தொட்டுப் பார்த்து உள்ளே நடப்பதைச் சொல்ல முடியாது. ஈ மொய்ப்பது இன்னொரு தொல்லை. பிழை பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் இருக்கிற பண்டம் இது. வத்தலுக்கும் புட்டிக்கும் நடுவே நிற்கிறது. இதைப் போடுகிறவர்கள் மெலிதாக நறுக்குவதிலும், உப்பில் சிக்கனம் பார்க்காததிலும், நாலைந்து வெயில் கண்ட பிறகும் ஒரு துண்டைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதிலும் பிடிவாதமாக இருப்பதன் நியாயம் அதுவே. நடு சிவப்பாக, ஈரமாகத் தெரிந்தால் மாலை மறுபடி கொடிக்குப் போகும். உப்புக்கண்டத்துக்கு ஆசைப்படுகிற புதியவர் முதல் பங்குனியில் சீனியவரைக்காயை ஒடித்துப் பழகட்டும். கறியை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.